பிள்ளைகள் எங்கே விளையாடினார்கள்? திருச்சி, ஸ்ரீரங்கம் திடல்களின் கதை



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். "டீச்சர், வேலை மாற்றலாகி ஸ்ரீரங்கத்துக்கே வந்துட்டோம். பையனுக்கு எட்டு வயசு, பொண்ணுக்கு அஞ்சு. சாயங்காலம் பிள்ளைகளை எங்கே அனுப்புறதுன்னே தெரியலை. நாங்கல்லாம் எங்கேதான் விளையாடினோம்?" என்று கேட்டாள். பதில் போனில் அடங்கவில்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். நாற்பது நிமிட வரலாற்று வகுப்பைத் தாங்கியவர்கள் நீங்கள், இதையும் தாங்குவீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பிள்ளைகள் ஆசை தீர விளையாடிய இடங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளுக்காக உண்டானவை இல்லை. வேறு எதற்காகவோ இருந்த இடத்தில், பெரியவர்களுக்கு அது தேவைப்படாத நேரத்தில், பிள்ளைகள் புகுந்துகொண்டார்கள். பெரியவர்களுக்கு அந்த இடம் மறுபடி தேவைப்பட்ட அன்று விளையாட்டு முடிந்தது. ஆறு, வீதி, கோட்டை என்று எதை எடுத்தாலும் இதே கதைதான்.

ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு ஸ்ரீரங்கம். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, பாசனத்துக்கு ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமாயிற்று. மழை பொய்த்த வருஷங்களில் தேதி தள்ளிப்போகும். ஆனால் வழக்கம் அதுதான். இதைப் பிள்ளைகளின் காலண்டரோடு வைத்துப் பாருங்கள். மாசி, பங்குனியில் தண்ணீர் ஒடுங்கி மணல் தெரியும். முழுப் பரீட்சை முடிந்து லீவு விடும்போது அம்மா மண்டபத்துக்கு எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை மணல். பள்ளி திறக்கும் சமயத்தில் புதுத்தண்ணீர் வந்துவிடும். கல்வித் துறையும் பொதுப்பணித் துறையும் கலந்து பேசியிருந்தாலும் இப்படி ஒரு ஏற்பாடு அமைந்திருக்காது!

சடுகுடுவுக்கு மணல்தான் மெத்தை. விழுந்தால் அடிபடாது. ஊற்று தோண்டினால் குடிக்கத் தண்ணீர். ஆடிப் பதினெட்டு அன்று தண்ணீர் நிறைந்து ஓடும் ஆற்றைப் பார்க்கச் சின்னச் சப்பரத்தை இழுத்துக்கொண்டு தெருவே கிளம்பும்.

உலக வரலாற்றில் இதற்கு ஒரு வேடிக்கையான ஒப்புமை உண்டு. அமெரிக்காவில் குழந்தைகளுக்கென்று தனியாக விளையாட்டு இடம் அமைக்கும் இயக்கம் ஒரு மணல் குவியலில்தான் தொடங்கியது. பெர்லின் நகரத்துப் பூங்காக்களில் மணல் கொட்டி வைத்திருந்ததைப் பார்த்த ஒரு பெண் மருத்துவர் யோசனை சொல்ல, 1885-ல் பாஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மணலைக் கொட்டிக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். அங்கே வண்டியில் கொண்டுவந்து கொட்டினார்கள். நமக்கு ஒரு ஆறு முழுக்க இருந்தது.

அந்த மணல் எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும். வீடு கட்ட, பாலம் கட்ட, அடுக்குமாடி கட்ட லாரி லாரியாகப் போயிற்று. 2003-ல் அரசே மணல் குவாரிகளை எடுத்து நடத்தத் தொடங்கியது. அதற்குப் பிறகும் ஆற்றின் மட்டம் இறங்கியதே தவிர ஏறவில்லை. மணல் அள்ளிய பள்ளம் தெரியாமல் இறங்கிப் பிள்ளைகள் மூழ்கிய செய்திகளைக் காவிரிக் கரையின் ஏதாவது ஒரு ஊரிலிருந்து பத்திரிகையில் படித்துக்கொண்டே இருக்கிறோம். இன்று எந்தத் தாயும் தைரியமாக, "ஆத்துக்குப் போய் விளையாடிட்டு வா" என்று சொல்ல மாட்டாள். நானும் என் பேரனிடம் சொல்வதில்லை.

அடுத்தது வீதி. ஸ்ரீரங்கத்தில் கோயிலே ஊர், ஊரே கோயில். 156 ஏக்கர், ஏழு பிராகாரம். அதில் வெளிப் பிராகாரங்களில் மக்கள் குடியிருக்கிறார்கள். உத்திர வீதியும் சித்திரை வீதியும் ஏன் அத்தனை அகலம்? தேர் ஓட வேண்டும். தைத் தேர் உத்திர வீதிகளில் ஓடும், சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் ஓடும். வருஷத்தில் சில நாள் ஓடும் தேருக்காக விட்ட அகலத்தை மற்ற நாட்களில் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். கோலி, பம்பரம், கிட்டிப்புள், பிறகு கிரிக்கெட். எழுத்தாளர் சுஜாதா வளர்ந்தது இந்த வீதிகளில்தான். அவருடைய ஸ்ரீரங்கத்துக் கதைகளைப் படித்தவர்களுக்கு இந்த வீதிப் பையன்களைத் தெரிந்திருக்கும்.

இப்போது அதே வீதிகளில் இரு பக்கமும் கார் நிற்கிறது. ராஜகோபுரம் 1987-ல் 236 அடியாக எழுந்து முடிந்த பிறகு வெளியூர்க் கூட்டம் பெருகியது, வண்டிகள் பெருகின. பக்தர்கள் வருவது நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் தேர் வரும் நாளில் வீதியைக் காலி செய்யத் தெரிந்த நமக்கு, மற்ற நாட்களில் பிள்ளைகளுக்காக ஒரு சின்னச் சந்தைக்கூடக் காலியாக வைக்கத் தோன்றவில்லை.

இனி ஆற்றைத் தாண்டித் திருச்சிக்கு வருவோம். மெயின்கார்டு கேட் பக்கம் போகும் மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அங்கே முன்னாடி புலி இருந்துச்சா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? புலியும் இல்லை, வார்டும் இல்லை. அது 'பொலிவார்டு' என்ற பிரெஞ்சுச் சொல். அந்தச் சொல்லின் பழைய பொருளே கோட்டை அரண் என்பதுதான். பாரிஸில் பழைய மதிலை இடித்த இடத்தில் மரம் வைத்து அகலமான சாலை போட்டார்கள். மதிலின் பெயர் சாலைக்கு வந்துவிட்டது. நம் திருச்சியிலும் அதுவே நடந்தது. மலைக்கோட்டையைச் சுற்றி மதிலும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியை மேவி, அந்தத் தடத்தில் சாலை போட்டார்கள். மெயின்கார்டு கேட் மட்டும் சாட்சிக்கு நிற்கிறது. தமிழில் மேலரண் சாலை, கீழரண் சாலை என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நூற்றுக்கு நூறு போடலாம்.

ஒரு நகரத்துக்கு நடு ஊரில் இவ்வளவு பெரிய காலி இடம் கிடைப்பது நூறு இருநூறு வருஷத்தில் ஒருமுறைதான். வியன்னாவில் 1857-க்குப் பிறகு மதிலை இடித்தபோது அந்த வளையத்தில் சாலையோடு பூங்காக்களையும் வைத்தார்கள். 1862-ல் திறந்த அவர்களுடைய நகரப் பூங்கா இன்றும் இருக்கிறது. நமக்குக் கடைகளும் பேருந்துகளும் கிடைத்தன. பிள்ளைகளுக்கு என்று பார்த்தால் அந்தப் பக்கத்தில் இப்ராஹிம் பூங்கா ஒன்றைச் சொல்லலாம். தெப்பக்குளத்துப் பக்கம் துணி எடுக்க வந்த குடும்பங்கள், கையில் முறுக்கோடு பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் அவிழ்த்துவிட்ட இடம் அது.

பொன்மலையின் கதை கொஞ்சம் வேறு. நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை 1928-ல் இங்கே வந்தபோது தொழிலாளர்களுக்குக் குடியிருப்பும் சேர்ந்தே வந்தது. நேர்கோட்டுச் சாலைகள், மரங்கள், நடுநடுவே திடல்கள். நம் பகுதியில் குடும்பங்கள் வாழும் இடத்துக்குத் திறந்த வெளியும் வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்துக் கட்டிய குடியிருப்பு என்றால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. அங்கே வளர்ந்த என் மாணவர்கள் ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் முன்னால் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. திடல் இருந்தால் ஊரும் அங்கே கூடும். 1946 செப்டம்பர் 5-ல் ரயில்வே தொழிலாளர்கள் ஐந்து பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டது பொன்மலைச் சங்கத் திடலில்தான். அரசியல் கூட்டங்கள் இன்றும் ஜி கார்னர் திடலில் நடக்கின்றன.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, "அந்தக் காலம் மாதிரி வருமா!" என்று பின்னூட்டம் போடக் கிளம்புவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலம் யாருடைய காலம் என்றும் பார்க்க வேண்டும்.

ஆற்று மணல் பையன்களுடையது. வீதி கிரிக்கெட் பையன்களுடையது. பெண் பிள்ளைகளுக்குத் திண்ணையும் கூடமும். பல்லாங்குழி, தாயம், ஏழாங்கல், மிஞ்சினால் வாசலில் கோடு கிழித்துப் பாண்டி. அதுவும் வயதுக்கு வரும்வரைதான். என் மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது, "அண்ணன் மட்டும் ஏம்மா ஆத்துக்குப் போறான்?" என்று கேட்டாள். அவளுக்கு, "நீ இங்கே போ" என்று காட்ட அக்கம்பக்கத்தில் ஒரு இடம் இல்லை. எண்பதுகளில் பெண் பிள்ளை வளர்த்த தாய்மார்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

சாதியையும் மறைக்கக் கூடாது. எல்லா வீதியும் எல்லாப் பிள்ளைக்கும் திறந்திருக்கவில்லை. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஒரு குரல் கேட்டால் ஓடிப்போக வேண்டிய பிள்ளைகள் இந்த ஊரிலேயே இருந்தார்கள்.

அதனால்தான் பொதுப் பூங்கா என்ற ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். திருச்சி நகராட்சி 1866-ல் வந்தது. நகராட்சியின் வரிப்பணத்தில் ஒரு பூங்கா என்றால் அதன் வாசலில் நின்று யாரும் யாரையும், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க முடியாது. நடைமுறையில் எவ்வளவு குறை இருந்தாலும் சட்டப்படி அந்த ஊஞ்சல் எல்லோருக்கும் பொது. வீதியும் ஆறும் கொடுக்காத ஒன்றை அது கொடுத்தது.

இங்கிலாந்திலும் இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. டெர்பி என்ற ஊரில் 1840-ல் ஒரு செல்வர் ஊர் மக்களுக்காகத் தோட்டம் அமைத்துக் கொடுத்தார். வாரத்தில் இரண்டு நாள்தான் இலவசம், மற்ற நாட்களில் கட்டணம். 1847-ல் பிர்க்கன்ஹெட் என்ற ஊரில் பொதுப்பணத்தில் பூங்கா கட்டி எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்தார்கள். கட்டணம் வேண்டுமா வேண்டாமா என்பது அன்றைக்கே பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது.

இன்றைய திருச்சிக்கு வருவோம். குறை மட்டும் சொல்லக் கூடாது. 1838 வாக்கில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையை ஒட்டி முக்கொம்புப் பூங்கா இருக்கிறது. புளியோதரை கட்டிக்கொண்டு போகாத குடும்பம் இந்த மாவட்டத்தில் உண்டா? புதுக்கோட்டை சாலையில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் 1999-லிருந்து இருக்கிறது. 2015-ல் மேலூர்ப் பக்கம் 25 ஏக்கருக்கு மேல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வந்தது. அண்மையில் கம்பரசம்பேட்டையில் பறவைகள் பூங்காவும் வந்துவிட்டது. உய்யக்கொண்டான் கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். பேரப் பிள்ளைகளோடு நானும் போய் வந்திருக்கிறேன், சந்தோஷமாகவே இருந்தது.

ஆனால் இவற்றில் பல ஞாயிற்றுக்கிழமைப் பூங்காக்கள். வண்டி வேண்டும், சில இடங்களில் டிக்கெட் வேண்டும், கூட ஒரு பெரியவர் வேண்டும், அரை நாள் வேண்டும். பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்: பிள்ளைக்கு விளையாட்டு தினமும் வேண்டும். பள்ளி விட்டு வந்து பால் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் ஒரு மணி நேரம். அதற்கு எட்டு வயதுப் பிள்ளை பெரிய சாலை எதையும் தாண்டாமல் தானாக நடந்து போய்த் தானாகத் திரும்பி வரும் தூரத்தில் இடம் இருக்க வேண்டும். சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்றால் இன்னும் நல்லது. ஊருக்கு எத்தனை ஏக்கர் பூங்கா இருக்கிறது என்பதைவிட, வீட்டு வாசலிலிருந்து எத்தனை அடி என்பதுதான் பெற்றோரின் கணக்கு.

ஏக்கர் கணக்கையும் ஒருமுறை போட்டுவிடலாம். நகரங்களில் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று மத்திய அரசின் 2014 நகரத் திட்ட வழிகாட்டி சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் நம் மாநகராட்சி மக்கள்தொகை 8,47,387. ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்றால் சுமார் 847 ஹெக்டேர், ஏறக்குறைய 2,090 ஏக்கர். நம் பெரிய கோயிலைப் போலப் பதின்மூன்று மடங்குக்கு மேல்! ஒரே இடத்தில் அவ்வளவு நிலத்துக்கு யாரும் எங்கும் போக முடியாது. சின்னச் சின்னதாக, தெருவுக்குத் தெரு சேர்த்தால்தான் உண்டு.

சின்ன இடம் போதும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் நல்ல உதாரணம். இரண்டாம் உலகப்போர் முடிந்து நொடிந்துபோன நகரம். 1947-ல் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் ஒரு சின்னச் சதுக்கத்தில் ஒரு மணல் தொட்டி, தொங்குவதற்கு இரும்புக் கம்பிகள், பெஞ்சுகள், சில மரங்கள் வைத்தார். பக்கத்துத் தெருக்காரர்கள், "எங்களுக்கும் வேண்டும்" என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். இடிந்த வீட்டு மனை, தெரு முக்கு, எங்கே காலி இடம் இருந்தாலும் ஒன்று. முப்பது வருஷத்தில் எழுநூறுக்கு மேல் ஆயின. பெற்றோர் எழுதிய கடிதங்கள்தான் அந்த எண்ணிக்கையை ஏற்றின.

"நம் ஊரில் காலி இடம் எங்கே இருக்கிறது டீச்சர்?" என்பீர்கள். சட்டப்படி இருக்கிறது. இந்தப் பகுதியை மட்டும் கவனமாகப் படியுங்கள். பரீட்சையில் வரும் பகுதி இது!

தமிழ்நாட்டில் இப்போதுள்ள 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேல் மனைப்பிரிவு போட்டால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகக் கொடுக்கலாம், அல்லது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000-க்குக் கீழே இந்தக் கட்டாயம் இல்லை. ஒரு பெரிய வயலைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து வெவ்வேறு பெயரில் விற்றால் பூங்கா என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பணமாகக் கட்டினால் கஜானாவில் சேரும். அதில் பிள்ளைகள் ஓட முடியாது.

நிலமாகக் கொடுத்த இடங்களிலும் கண் வேண்டும். உறவினர் குடியிருக்கும் ஒரு நகரில் வரைபடத்தில் பூங்கா என்று பச்சை வண்ணம் அடித்த இடத்தில் பல வருஷம் கருவேல முள்தான் இருந்தது. பிறகு ஒருவர் மாடு கட்டினார். பிறகு செங்கல் வந்து இறங்கியது. அங்கிருந்த நாலைந்து தாய்மார்கள் மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு மனுவுக்கு மேல் மனு கொடுத்தார்கள். இப்போது அங்கே பெரிய அலங்காரம் ஒன்றும் இல்லை, கம்பி வேலியும் இரண்டு ஊஞ்சலும் ஒரு வேப்பமரமும்தான். சாயங்காலம் போனால் பிள்ளைகள் சத்தத்தில் பேச முடியாது.

சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லிவிட்டது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்காவுக்கு என்று விட்ட இடம் பூங்காவாகத்தான் இருக்க வேண்டும்.

உங்களில் பலர் இன்று பெற்றோர், சிலர் தாத்தா பாட்டியே ஆகிவிட்டீர்கள். இன்ஜினீயர், வக்கீல், ரியல் எஸ்டேட் செய்பவர்கள், அரசு அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலில் உண்டு. ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். நீங்கள் குடியிருக்கும் நகரின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கையில் இல்லாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். அதில் பூங்கா என்று எது இருக்கிறது, அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, கதவு எப்போது திறக்கிறது என்று பாருங்கள். பகல் முழுக்கப் பூட்டி வைத்த பூங்காவும் இல்லாத பூங்காவும் பிள்ளைக்கு ஒன்றுதான். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் போய் இதைக் கேளுங்கள். கூட உங்கள் பெண் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அவர்களுக்கு எந்த நேரத்தில் அங்கே விளையாட வசதி, எங்கே விளக்கு வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும்.

என் மாணவிக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். அவள் குடியிருக்கும் பகுதியின் வரைபடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

முடிக்கும் முன் நம் ஊர்க் கதை ஒன்று. ஸ்ரீரங்கத்தில் தொண்டரடிப்பொடி ஆழ்வார் ஒரு நந்தவனம் வைத்திருந்தார். திருமங்கை ஆழ்வார் மதில் கட்டிக்கொண்டு வந்தபோது நேர்கோட்டில் கட்டினால் அந்த நந்தவனம் அழியும். அவர் தோட்டத்தைத் தொடாமல் மதிலை ஒதுக்கிக் கட்டினார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. கோயில் மதிலே ஒரு தோட்டத்துக்காக வளைந்த ஊர் இது. நாம் கட்டும் சுவர்களும் கொஞ்சம் வளைந்து கொடுக்கட்டும்.

நீங்கள் எங்கே விளையாடினீர்கள், அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். தெருப் பெயரோடு எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பழைய பழக்கத்தில் திருத்துவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்